விடை உதிர்ந்தால் ஐந்து மதிப்பெண்

மனிதர்களைவிடக் கோழிகள் எட்டு மடங்கு அதிகமாக இருந்தும், பள்ளிக்கூடத்துக்குள் முட்டை என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லாத எங்கள் சேவலூரில், ஒரு ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், நான் கரும்பலகையில் எழுதிய விடை உதிர்ந்தது. எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் லேசாக நகர்ந்தது, அதன் கீழே இருந்த கோடு சாய்ந்தது, கோட்டுக்குக் கீழே இருந்த டூ எக்ஸ் வழுக்கியது, பிளஸ் சி மட்டும் சற்று நேரம் தொங்கிப் பார்த்துவிட்டு அதுவும் விழுந்தது, பலகையின் அடிக்கட்டையில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி சேர்ந்தது. கேள்வி மேலே அப்படியே இருந்தது. பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரும் இதை நோட்டில் எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்கள், நான் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார்கள், நோட்டிலிருந்தும் அது உதிர்ந்தது, மணி அடித்தது, கெமிஸ்ட்ரி வாத்தியார் உள்ளே வந்தார்.

கணக்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எப்படியும் இந்தக் கதையில் கேவலமாக நடந்துகொள்வது அவர்கள்தான். வகையிடல் என்பது அரிசியை அரைப்பது மாதிரி. எதைப் போட்டாலும் மாவாகி வரும், அதற்கு விதிகள் இருக்கின்றன, விதிப்படி சுற்றினால் போதும். தொகையிடல், நாங்கள் வகுப்பில் இன்டக்ரேஷன் என்பது, மாவைக் கையில் கொடுத்து இது எந்த அரிசி என்று கேட்பது. பல மாவுக்குச் சொல்லிவிடலாம். சில மாவுக்கு மட்டும், நம்மிடம் இருக்கிற மூட்டைகளை, அதாவது பவர், லாக், சைன், காஸ் எல்லாவற்றையும் எப்படிக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வைத்தாலும் பெயர் வராது. அரிசி எங்கோ இருக்கிறது, மாவு இருக்கிறதே. ஆனால் அதைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. இல்லை என்பதையே பெரியவர்கள் நிரூபித்தும் வைத்திருக்கிறார்கள். ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் அப்படிப்பட்ட ஒரு மாவு. அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, நான் எம்.எஸ்ஸி. படித்தவன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு விடை இருந்தது. சதமணி மேல்நிலைப்பள்ளியின் சதமணி நோட்ஸ், பக்கம் நூற்றுப் பதினான்கு, ஐந்து மதிப்பெண் வினா, எண் இருபத்தேழு. ஈ பவர் த்ரீ எக்ஸ் என்றால் மூன்றால் வகு, ஈ பவர் ஃபைவ் எக்ஸ் என்றால் ஐந்தால் வகு என்று பழகிய கை, ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரைக் கண்டதும் தானாகவே டூ எக்ஸால் வகுத்துவிடும். ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் பை டூ எக்ஸ் பிளஸ் சி. பதினோரு வருடமாக ஹாஸ்டல் பிள்ளைகள் விடிகாலை நாலரை மணிக்கு மொட்டை மாடியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு ராகம் போட்டு அதை மனப்பாடம் செய்தார்கள், பண்ணைக் கோழிகள்கூட அந்த ராகத்துக்குப் பழகியிருந்தன. அந்த விடையைத் திருப்பிப் போட்டு, அதாவது மறுபடி வகையிட்டு, கேள்வி கிடைக்கிறதா என்று பதினோரு வருடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு மதிப்பெண் கிடையாது.

எங்கள் தாளாளர் அர்த்தநாரி கோழிப்பண்ணையிலிருந்து கல்விக்கு வந்தவர். வந்தவர் என்பதுகூடத் தப்பு, இரண்டுக்கும் நடுவில் அவர் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. நேரத்துக்கு வெளிச்சம், நேரத்துக்குத் தீனி, அறைக்கு இத்தனை உருப்படி, நோஞ்சானை முதல் பருவத்திலேயே கழித்துவிடுவது. விடை உதிர்கிற செய்தி கேட்டு அவர் என் வகுப்புக்கு வந்தார், என்னை மறுபடி எழுதச் சொன்னார், அது உதிர்வதை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"மாதேசு சார், கீழ விழற பொடிய யாருங்க கூட்டறது?"

"நம்ம ரங்காயிதானுங்க."

"கூட்டி எங்க கொட்டுது?"

"வேப்பமரத்தடியிலீங்க."

"அடடா," என்றார், பெரிய நஷ்டத்தைக் கண்டவர் மாதிரி. "இனிமே கொட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க."

அடுத்த வாரம் பொடி சின்னச் சின்னப் பொட்டலங்களில் வந்தது, அதன்மேல் சரஸ்வதி படம் இருந்தது. தாய்மார்கள் அதைப் பிள்ளைகளின் நெற்றியில் பூசினார்கள், தேர்வுக்குப் போகிறவர்கள் ஹால் டிக்கெட்டில் தடவினார்கள், பண்ணைக்காரர் ஒருவர் தீவனத்தில் கலந்து பார்த்துவிட்டு முட்டையின் ஓடு கெட்டிப்படுகிறது என்றார், அது உண்மையாகவும் இருந்தது. பைபாஸ் ரோட்டில் விடையே விபூதியாகும் ஒரே பள்ளி என்று ஃபிளெக்ஸ் வைத்தோம். வேறு பள்ளிகளிலும் விடை உதிரத்தான் செய்தது, எல்லோரும் எங்கள் நோட்ஸைத்தான் ஜெராக்ஸ் எடுத்து நடத்தினார்கள், ஆனால் அவர்களுடைய பொடி கரகரப்பானது, எங்களுடையது மை மாதிரி நைசு என்று ஊர் பேசியது. ஏன் உதிர்கிறது என்று யாராவது கேட்டார்களா என்றால், கேட்டார்கள். கேட்டவரிடம் உங்கள் பிள்ளை எத்தனை மார்க் என்று திருப்பிக் கேட்டோம், அவர் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

ஒருவர் விடை மட்டும் உதிரவில்லை. அவர் நாச்சிமுத்து சார், எங்கள் துறைத்தலைவர், இருபத்தாறு வருட சர்வீஸ், சதமணி நோட்ஸை எழுதியவர். தாளாளர் அவரை எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுதச் சொன்னார். அவருக்கு விருப்பமில்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்றார், எழுதுவதற்குத் தொண்டை எதற்கு என்று கேட்டுச் சாக்பீஸைக் கையில் திணித்தார்கள். எழுதினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மணி அடித்தது, மதியச் சாப்பாடு முடிந்தது, மறுநாள் பிரேயரும் முடிந்தது, விடை பலகையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கைதட்டல் மார்க்கெட் வரைக்கும் கேட்டது. கைராசி என்றார்கள். புதுக் கடை திறப்பவர்கள் முதல் சீட்டை அவர் கையால் எழுதி வாங்கினார்கள், அட்சராப்பியாசத்துக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொரு முறையும் எழுதி முடித்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன்.

மாசி மாதம் சதத் தேர்வு வந்தது. நாலு தாலுகாவின் தனியார் பள்ளிகள் கூட்டமைப்பு நடத்துகிற தேர்வு அது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற எல்லோருக்கும் கூட்டமைப்பின் பொறியியல் கல்லூரியில் நாலு வருடமும் இலவச இடம். அங்கே இடத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை, உட்காருவதற்குத்தான் ஆள் பஞ்சம். வினாத்தாளில் இருபத்தேழாம் எண் வந்திருந்தது. தேர்வு அறைகளில் பதினோரு மணிவாக்கில் சரசரவென்று ஒரு சத்தம் எழுந்ததாம், கண்காணிப்பாளர்கள் முதலில் மழை என்று நினைத்திருக்கிறார்கள்.

கூட்டமைப்பின் மதிப்பெண் அதிகாரி தேவசகாயம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விதியில்லாமல் ஒரு காபிகூடக் குடிக்காதவர். அவர் பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தார். கேள்வியில் கோளாறு இருந்தால் அந்தக் கேள்வியை முயன்றவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம்; கேள்வி எண்ணைப் போட்டிருந்தாலே போதும். ஆனால் கேள்வியில் கோளாறு என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை, எழுதினால் நோட்ஸில் கோளாறு, பதினோரு வருடத்தில் கோளாறு, ஃபிளெக்ஸில் கோளாறு. அதனால் சுற்றறிக்கை இப்படி வந்தது: 'வினா எண் 27-க்குக் கீழ் விடை உதிர்ந்தமைக்கான அடையாளம் காணப்படின் ஐந்து மதிப்பெண்கள் முழுமையாக வழங்கப்படும். உதிராத விடை, விடையாகக் கருதப்பட மாட்டாது. ஆசிரியப் பெருமக்களின் கையெழுத்துக்கு இவ்விதி பொருந்தாது.' கடைசி வரி நாச்சிமுத்து சாருக்காக.

விடைத்தாள் திருத்துகிற முகாமில் நாங்கள் ஒவ்வொரு தாளையும் வெள்ளைத் துணியின்மேல் பிடித்து உதறினோம். நீல மைப்பொடி விழுந்தால் ஐந்து. கொஞ்சமாக விழுந்தால் மூன்று போடலாமா என்று ஒருவர் கேட்டார், அதற்கு இரண்டு நாள் விவாதம் நடந்து, பொடி பொடிதான் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் மதியம் என் பங்குக்கு வந்த தாள்கட்டிலிருந்து ஒன்றை உதறினேன், ஒன்றும் விழவில்லை. திருப்பிப் பார்த்தேன். இருபத்தேழாம் எண்ணுக்குக் கீழே மை அழுத்தமாக நின்றது: 'நமக்குத் தெரிந்த சார்புகளில் இதற்கு விடை இல்லை என்று நினைக்கிறேன். நோட்ஸ் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு வால் மிஞ்சுகிறது.' அதற்குக் கீழே மூன்று வரி கணக்கு. நான் அந்த மூன்று வரியைப் படிக்கவில்லை. படிக்கச் சொல்லிச் சுற்றறிக்கையில் இல்லை. மறுபடி ஒருமுறை உதறிவிட்டு, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டேன். முட்டை என்று நாங்கள் சொல்வதில்லை, வட்டம் என்போம்.

அந்த வருடம் சேவலூரில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் நூற்றுக்கு நூறு. ஒருத்தி மட்டும் தொண்ணூற்றைந்து. பெயர் கோகிலவாணி, என் வகுப்புதான், மூன்றாவது பெஞ்சு. அவள் அம்மா பாவாயி பண்ணையில் முட்டைகளை அட்டையில் அடுக்குகிற வேலை பார்த்தாள், அப்பா இல்லை. மற்றதிலெல்லாம் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அந்த ஐந்து இருந்தால் பொறியியல் கல்லூரி, இல்லாவிட்டால் மகளும் அட்டை அடுக்க வேண்டியதுதான் என்று பாவாயி நினைத்தாள், சேவலூரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பாவாயி வேலைக்குப் போன உடையோடு, தலையில் ஒட்டியிருந்த இறகைக்கூட எடுக்காமல், மகளை இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்கு வந்தாள். நானும் நாச்சிமுத்து சாரும் அங்கே இருந்தோம், தேவசகாயம் ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்தார்.

"ஊருல இருக்கற மக்குப் பிள்ளைக அத்தனையும் நூறு வாங்கிருக்குதுங்க, எம்புள்ளைக்கு மட்டும் என்னங்க கேடு?" என்றாள்.

"கேடெல்லாம் ஒண்ணுமில்லீங்க அக்கா," என்றார் அர்த்தநாரி. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறைவிட முந்நூற்றுத் தொண்ணூற்றேழு நன்றாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். "தேவசகாயம் சாரு இங்கயே இருக்காரு. பொண்ணு இப்ப இங்கயே எழுதட்டும், சாரு கண்ணு முன்னாடி உதிரட்டும், அஞ்சு மார்க்கப் போட்டுக் குடுத்துருவாரு."

தேவசகாயம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், மறுதேர்வு என்ற தலைப்பில் இடம் இருந்தது, சரி என்றார்.

கோகிலவாணி அம்மாவைப் பார்த்தாள்.

"எழுதிப் போடு அம்மிணி," என்றாள் பாவாயி. "உனக்குத்தான் தெரியுமில்ல."

"தெரியும்மா. அது தப்பும்மா."

"தப்போ சரியோ, எல்லாரும் எழுதறத எழுது கண்ணு."

அவள் உட்கார்ந்து எழுதினாள். ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் பை டூ எக்ஸ் பிளஸ் சி. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். அது உதிரவில்லை. அர்த்தநாரி ஊதிப் பார்த்தார், தேவசகாயம் தாளைத் தூக்கி உதறிப் பார்த்தார், நான் முதுகில் தட்டிப் பார்த்தேன், தாளின் முதுகில். பேனாவை மாற்றினோம், தாளை மாற்றினோம், கிழக்குப் பார்த்து உட்கார வைத்தோம், பொட்டலம் பிரித்து நெற்றியில் பூசினோம். விடை நின்றது.

"நம்ம நாச்சிமுத்து சார் எழுதுனாப்புலயே நிக்குதுங்க," என்றார் அர்த்தநாரி வியந்துபோய்.

கோகிலவாணி தலையைத் தூக்கி நாச்சிமுத்து சாரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, வெறுமனே பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார், கையில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்தது எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், மாதேசு," என்றார். "அதுக்கு நல்லாவே விடை இருக்குது. டைப் அடிச்ச புள்ள முன்னாடி இருந்த எக்ஸ விட்டுருச்சு. கேள்விப் புஸ்தகத்தப் பன்னண்டாயிரம் காப்பி அடிச்சு, பைண்டு பண்ணி வந்தப்பறந்தான் பாத்தேன். நோட்ஸுல அதுக்கே ஒரு விடை போடுங்கன்னாரு தாளாளர். விடை இல்லீங்கன்னு சொல்லலாமா? கணக்கு வாத்தியாரு. ஒண்ணு போட்டேன்."

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியுமா சார்?"

"அதனாலதான் உதிரலை. தப்புன்னு தெரியாம எழுதுனா உதிருது. தெரிஞ்சே எழுதுனா ஒட்டிக்கிது." குழாயை மூடினார். "இத்தன நாளா எனக்குப் பயம், எவனாவது இதக் கண்டுபிடிச்சிருவானோன்னு. ஒருத்தனும் கண்டுபிடிக்கலை."

திரும்பி வந்து தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னார். தப்பென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்திருக்கிறவரைக்கும் உதிராது. சொன்னதைக் கேட்டு எங்கள் அறை வெட்கப்பட்டிருக்க வேண்டும். தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படின்னா தெரியாமப் பண்ணிட்டாப் போச்சு" என்றார். இறுதிப் பட்டியலுக்குப் பத்து நாள் இருந்தது.

"அதுக்குத்தானுங்களே நாம பள்ளிக்கூடம் நடத்தறோம்," என்றார் அர்த்தநாரி. கிண்டலாகச் சொல்லவில்லை, மனிதர் நெஞ்சில் கைவைத்து உறுதி சொன்னார்.

புதிதாக எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. தப்பு செய்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற அதே இம்போசிஷன்: விடையை ஆயிரம் முறை எழுத வேண்டும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும், நடுவில் யோசிக்கக் கூடாது. நூலகத்தில் உட்கார வைத்தார்கள், அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். மேற்பார்வைக்கு என்னைப் போட்டார்கள். ஊரே ஒத்தாசையாக இருந்தது. நூறு வாங்கிய பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று அவளோடு சேர்ந்து ராகம் போட்டார்கள், பொட்டலக் கடைக்காரர் இரண்டு பொட்டலம் சும்மா கொடுத்தனுப்பினார், பாவாயி அரைநாள் லீவு போட்டு மதியச் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டினாள், எழுதுகிற கை ஓயக் கூடாது என்று. முதல் நாள் இருநூற்றுப் பத்து. இரண்டாம் நாள் நானூற்று ஐம்பது வரைக்கும் வந்தாள். ஒரு எழுத்து அசையவில்லை. மூன்றாம் நாள் அவள் முகத்திலிருந்து என்னவோ போய்விட்டது, குரல் மட்டும் ராகத்தோடு வந்தது, கை அதுபாட்டுக்கு நகர்ந்தது. எனக்கு அது நல்ல முன்னேற்றமாகத் தெரிந்தது, குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன்.

நான்காம் நாள் எழுநூற்று நாற்பத்தொன்றாவது தடவை எழுதியபோது சி உதிர்ந்தது.

"உதிருது, கண்ணு, உதிருது," என்று பாவாயி சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கைதட்டினார்கள்.

கோகிலவாணி பக்கத்தில் விழுந்து கிடந்த அந்தச் சின்னப் பொடியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சார், கடைசில சி எதுக்குங்க சார் போடறோம்?"

சி எதற்கு வருகிறது என்று ஆடி மாதத்தில் முழு வகுப்புக்கும் எழுந்து நின்று விளக்கியவளே அவள்தான். அன்றைக்கு அவள் சொன்னது நான் சொன்னதைவிடத் தெளிவாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இப்போது அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்னால் பழையபடி தெரிந்துவிடும், நாலு நாள் வேலை வீண். "எழுதும்மா, நடுவுல பேசாத," என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எழுநூற்று நாற்பத்திரண்டு எழுதினாள். பிளஸ்ஸும் சியும் சேர்ந்து உதிர்ந்தன. டூ எக்ஸ் லேசாக ஆடியது.

அவள் பேனாவை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்த ஆடுகிற டூ எக்ஸையே பார்த்தாள். பிறகு தாளின் ஓரத்தில், இம்போசிஷன் எழுதக் கூடாத மார்ஜின் பக்கத்தில், சின்ன எழுத்தில் விடையைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். மேலே உள்ளதை வகையிட்டுக் கீழே உள்ளதால் பெருக்கினாள், கீழே உள்ளதை வகையிட்டு மேலே உள்ளதால் பெருக்கிக் கழித்தாள், எல்லாவற்றையும் கீழே உள்ளதின் வர்க்கத்தால் வகுத்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள், அடித்து எழுதினாள். நான் தடுத்திருக்க வேண்டும், அதுதான் என் வேலை. தடுக்கவில்லை, அவள் பேனா போகிற வழியிலேயே என் மனமும் போய்க்கொண்டிருந்தது, முகாமில் படிக்காமல் விட்ட மூன்று வரியை இப்போதுதான் படித்தேன். ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் வந்தது. அதன் பின்னால், மைனஸ் போட்டுக்கொண்டு, ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் பை டூ எக்ஸ் ஸ்கொயர் என்று ஒரு வாலும் வந்தது.

"இருக்குதுங்க சார்," என்றாள். "வால் இருக்குது." அவள் அழுதாள், அழுதுகொண்டே பேனாவை மூடினாள்.

பாவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அம்மிணி நிறுத்திப்போட்ட? இன்னுங் கொஞ்சந்தான."

"போதும்மா."

"பைத்தியமாடி உனக்கு? இன்னும் இருநூத்திச் சொச்சம் எழுதுனா அஞ்சு மார்க்கு வந்துரும். காலேசு வந்துரும்."

"வரும்மா. உதிர்ந்துரும், மார்க்கும் வந்துரும். அப்பறம் இது தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரியாமப் போச்சுங்கறதுகூடத் தெரியாதும்மா."

"தெரிஞ்சு என்னடி பண்ணப்போற?"

"தெரியலம்மா," என்றாள் கோகிலவாணி.

பாவாயி சாப்பாட்டுத் தூக்கை மூடி எடுத்துக்கொண்டு, மகளைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முட்டை அட்டைகளுக்கு நடுவில் பதினெட்டு வருடம் குனிந்த முதுகு அது. கோபம் வந்தால் யார்மேல் வர வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் அவர்களிடம்தான் நான் வேலை பார்த்தேன்.

இறுதிப் பட்டியலில் தொண்ணூற்றைந்து என்றே வந்தது. பாவாயி பதினைந்து நாள் மகளோடு பேசவில்லை, பதினாறாம் நாள் அரசுக் கலைக்கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு வந்து அவளிடம் சொன்னாள். கோகிலவாணி அங்கே பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். பொறியியல் கல்லூரிக்குப் போன முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேருக்கும் முதல் பருவத்தில் அதே கணக்கு வந்ததாம். அங்கேயும் உதிர்ந்திருக்கிறது, அங்கேயும் உதறிப் பார்த்திருக்கிறார்கள்.

மே மாதம் நாச்சிமுத்து சார் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வைத்திருக்கவில்லை. கூட்டமைப்பில் எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. ஜூன் மாதம் புது பேட்ச் வந்தது, பெற்றோர்களையும் கூப்பிட்டு ஒரு தொடக்க விழா வைத்தார்கள், தாளாளர் மேடையிலேயே பலகையை வைத்து, வழக்கமான அந்தக் கணக்கைப் போடச் சொன்னார். உதிர்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம், ரங்காயி முறத்தோடு தயாராக நின்றாள்.

எழுதினேன். ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், கோடு, டூ எக்ஸ், பிளஸ் சி. எழுதும்போதே தெரிந்தது, சாக்பீஸ் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு துகள்கூட விழவில்லை. தாளாளர் எழுந்து கைதட்டினார், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், நாச்சிமுத்து சாரின் கைராசி மாதேசன் சாருக்கு வந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார்கள், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையோடு மேடையேறினாள்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பலகையைப் பார்த்துப் பார்த்து, விடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்; இரண்டு வரி எழுதியிருந்தாள், மூன்றாவது வரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் டஸ்டரை எடுத்துப் பலகையை அழுத்தித் துடைத்துவிட்டு, அவள் அதை முடிப்பதற்குள் அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தேன்.